யாரிடம் சொல்லிவிட்டுப் போவது

"...அதெல்லாம் சரி. சாப்பாடு சரி, உடுப்பும் சரி. ஆனா ஆரிட்டைச் சொல்லிப்போட்டுப் போறது?" என்றார் அப்பா.

அதுவரைக்கும் நாங்கள் முற்றத்தில் கதிரைகளைப் போட்டு இருந்துகொண்டே அனுராதபுரத்துக்குப் போய் அரைவாசி இடங்களைப் பார்த்து முடித்திருந்தோம். சனிக்கிழமை காலை ரயிலில் ஏறுவது, அந்தக் காலத்து அரண்மனைகள் இடிந்து கிடக்கும் இடங்களையும் புத்த கோயில்களின் தாதுகோபங்களையும் பார்ப்பது, பின்னேர ரயிலில் பேசாலைக்குத் திரும்புவது என்பதுதான் திட்டம். தலைமன்னார்ப் பாதையில் ரயில் திரும்பவும் ஓடத் தொடங்கி அதிக காலமாகவில்லை. நாங்கள் இந்தியாவிலுள்ள அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியும் இரண்டு வருடந்தான். எனக்கு ஒன்பது வயது. வேலியோரம் நின்று கை காட்டியதைத் தவிர அந்த ரயிலோடு எனக்கு வேறு பழக்கம் இல்லை.

இந்தப் பயண யோசனை அம்மாவுடையது என்பதுதான் அதிசயம். அக்காவின் சரித்திரப் புத்தகத்தில் சந்திரவட்டக்கல்லின் படம் இருந்தது. வாசற்படிக்குக் கீழே போடும் அரைவட்டக் கல். அதில் யானையும் குதிரையும் சிங்கமும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து போகும். பிட்டு மாக் கையோடு வந்து எட்டிப் பார்த்த அம்மா, "இதை ஒருக்கா நேரில பாக்கோணும் போல கிடக்கு" என்றார். அப்பா தலையை நிமிர்த்தி அம்மாவை அப்படிப் பார்த்ததை நான் முன்பு கண்டதில்லை.

ஏனென்றால் அம்மா எதையும் கேட்பவர் அல்ல. நாங்கள் எதைக் கேட்டாலும் அவரிடம் இருந்தது ஒரே சொல்: "பாப்பம்." புதுச் சட்டையா, பாப்பம். மடுத் திருவிழாவா, பாப்பம். "உங்கட அம்மாவின்ர பாப்பம் ஒரு பூட்டு. அதுக்குத் திறப்பு ஆரிட்டையும் இல்லை" என்று மாமா சொல்லுவார். மாமா அம்மாவின் தம்பி. கடல் தாண்டாமல் இந்தப் பக்கமே நின்றுவிட்டவர். ஓட்டோ ஓட்டுவார், எல்லாருடைய பயணத்துக்கும் தலைமை தாங்குவார்.

அன்று பின்னேரமும் அவர்தான் தலைமை. அனுராதபுரம் புனித பூமி, அங்கே மீன் கொண்டுபோகக் கூடாது என்று அக்கா சொன்னதும் பெரிய பிரச்சினை எழும்பியது. "மீனில்லாட்டி அது ஆஸ்பத்திரிச் சாப்பாடெல்லோ" என்றார் மாமா. கடைசியில் ரொட்டியும் மாசிக் கருவாடு போடாத சம்பலும் என்று முடிவாயிற்று. அடுத்தது, அங்கே கும்பிடப் போகிறவர்கள் உடுக்கும் வெள்ளை உடுப்பு. எனக்கு வெள்ளையில் இருந்தது முதல்நன்மை வாங்கிய சட்டை ஒன்றுதான். அது முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டிருந்தது. விளிம்பை அவிழ்த்து விடலாம் என்றார் அம்மா. பிறகு அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது.

"தாதுகோபத்துக்கு முன்னால நிண்டு கும்பிடுறதோ, விடுறதோ? கும்பிட்டா யேசு கோவிப்பாரோ?"

"யேசு கோவிக்கமாட்டார் அக்கா. பங்குச் சுவாமியின்ர காதில மட்டும் போடாதேங்கோ" என்றார் மாமா.

எல்லாரும் சிரித்து ஓய்ந்த இடத்தில்தான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். மாமா அதைக் கோழிகளைப் பற்றிய கேள்வி என்று நினைத்துக்கொண்டார்.

"பக்கத்து வீட்டு மாமியிட்டைச் சொல்லுவம். பின்னேரம் அரிசி போட்டு அடைச்சு விடுவா."

"கோழியில்லை. நாங்கள். நாலு பேர் விடிஞ்சதில இருந்து பொழுதுபடுமட்டும் வீட்டில இல்லை. அறிவிக்கோணுமே."

"ஆருக்கு அறிவிக்கிறது? அத்தான், இது முகாம் இல்லை. கதவைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட வேண்டியதுதான்."

"உனக்கு விளங்காது" என்றார் அப்பா, கோபமில்லாமல்.

முகாமில் அப்படித்தான் இருந்தது. வெளியே தங்கப் போனால் சொல்லிவிட்டுப் போகவேண்டும். சொல்லாமல் போனால் ஆறு மணிக்கு முதல் உள்ளே வந்துவிடவேண்டும். கணக்கெடுக்கும் நாளில் குடும்பம் குடும்பமாக வரிசையில் நிற்கவேண்டும். எனக்கு அந்த நாள் பிடிக்கும். தூர ஊர்களில் பெயின்ற் வேலைக்குப் போன அப்பாக்கள் எல்லாரும் வீட்டில் நிற்கும் நாள் அது. அதைத் தவிர அதில் வேறு ஏதும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

அம்மா கதிரையை விட்டு எழும்பி உள்ளே போனார். போகிற போக்கில், "பாப்பம்" என்றார். ரயில் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்பா அன்று பொழுதுபடுமுன் ஒரு கடிதம் எழுதினார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர் என்பதால் ஒவ்வோர் எழுத்தும் தூரத்தில் நின்று வாசிக்கலாம் போல இருந்தது. நான்கு பெயர்கள், வயது, உறவுமுறை, போகும் இடம். போகும் காரணம்: பழைய இடிபாடுகளைப் பார்த்தல். திரும்பும் நேரத்துக்குக் கீழே இரண்டு கோடு. அடுத்த நாள் அது கசங்காமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டதால் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு விதானையார் கந்தோருக்குப் போனார். கிராம சேவகர் என்று பலகையில் எழுதியிருந்தாலும் எங்கள் ஊரில் அவர் விதானையார்தான்.

விதானையார் கடிதத்தை வாசித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அண்ணை, இதுக்கு நான் என்ன செய்யோணும்?"

"ஒரு கையெழுத்து வைச்சுத் தந்தால் சரி."

"எதுக்கு?"

"நாங்கள் போயிட்டு வாறதுக்கு."

"போயிட்டு வாங்கோவன். அதுக்குக் கையெழுத்துத் தேவையில்லை."

அப்பா தன் பேனையை எடுத்து நீட்டினார். "அப்ப, தேவையில்லை எண்டு எழுதி ஒரு கையெழுத்து வையுங்கோ."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "இந்தியாவில இருந்து வந்த ஆக்கள் போல. அந்தப் பழக்கம் லேசில போகாது" என்று ஒரு பெண் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பள்ளிக்கூடத்தில் என்னை இந்தியாக்காரி என்று கூப்பிடும் இரண்டு பேருக்கு அவர் பெரியம்மா முறை. நாளைக்கு இந்தக் கதை எனக்கு முன்னால் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நான் அப்பாவின் சேட்டு விளிம்பைப் பிடித்து இழுத்தேன். விதானையார் மட்டும் சிரிக்கவில்லை. கடிதத்தை மேசையில் வைத்து அதன்மேல் கண்ணாடிக் குண்டைத் தூக்கி வைத்தார்.

"இது இங்க இருக்கட்டும். ஆரும் கேட்டால் நான் சொல்லுறன், எனக்குத் தெரியும் எண்டு."

"கேப்பினமோ?"

"கேக்கமாட்டினம் அண்ணை" என்றார் அவர்.

வெளியே வந்து வீட்டுப் பக்கம் திரும்புவார் என்று பார்த்தால், சைக்கிள் பொலிசுக்குப் போனது.

மேசையில் இருந்த பொலிஸ்காரர் சிங்களவர். தமிழ் கதைப்பார், ஆனால் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். எங்களைக் கண்டதும் ஒரு பெரிய புத்தகத்தை விரித்து, பேனையைத் திறந்தார்.

"என்ன காணாமப் போனது?"

"ஒண்டும் காணாமல் போகேல்ல, சேர்."

"யார் அடிச்சது?"

"ஒருத்தரும் அடிக்கேல்ல. நாங்கள் சனிக்கிழமை அனுராதபுரம் போறம். குடும்பமா. அதைச் சொல்லத்தான்."

பொலிஸ்காரர் புத்தகத்தை மூடினார். "அது என்ட ஊர்" என்றார். அதற்குப் பிறகு அவர் பொலிஸ்காரராக இருக்கவில்லை. எதை முதலில் பார்ப்பது, வெயில் ஏறுமுன் எங்கே நடப்பது, எந்த மரத்தடியில் இருந்து சாப்பிட்டால் குரங்கு வராது என்றெல்லாம் கையால் மேசையில் கீறிக் காட்டினார். "இந்த மகளுக்கு ரெண்டு குளம் காட்டுங்க. ஒட்டி ஒட்டி இருக்கும். ராசா காலத்துப் படி. மீனும் இருக்கு" என்று என் தலையில் தட்டினார்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூடியிருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சேர், ஆறு மணிக்குப் பிந்தி வந்தால் பிரச்சினை இல்லையோ?"

"ஏன் ஆறு மணிக்கு வாறது? அப்பதான் அங்க வடிவு. வெயில் போகும், விளக்கு எல்லாம் பத்த வைப்பாங்க. ஒரு நாள் நின்டு வாங்க."

"ஆரும் எங்களைத் தேடினால்?"

"நீங்க கள்ளன் இல்லைதானே" என்றார் அவர், உண்மையிலேயே விளங்காமல். "யாரு தேடுறது?"

திரும்பி வரும் வழியில் எதிர்க்காற்று. அப்பா மெதுவாக மிதித்தார். எனக்கு வந்த ஆத்திரம் அந்தக் காற்றில் போகவில்லை. "உங்களுக்குப் பயம். அதுதான் எல்லாரும் சிரிக்கினம்" என்று அவருடைய முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"ஓம் பிள்ளை, பயம்தான்" என்றார் அப்பா. அடி விழும் என்று எதிர்பார்த்திருந்த நான் அவருடைய இடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பயத்துக்கு ஒரு கதை இருந்ததை நான் பெரியவளான பிறகு, மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில், அம்மா போகிறபோக்கில் சொன்னார். நான் பிறப்பதற்கு முன்னம், அக்கா கைக்குழந்தையாக இருந்தபோது, தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்க்கவேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டிருக்கிறார். "ஒரு நாள்தானே" என்று அப்பா ஒருவரிடமும் சொல்லாமல் ரயிலில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பின்னேர ரயில் பிந்தியது. அன்றைக்கென்று முன்னறிவித்தல் இல்லாமல் கணக்கெடுக்க வந்துவிட்டார்கள். முகாம் பதிவில் மூன்று பெயரையும் வெட்டியாயிற்று. திரும்பப் பதிவதற்கு ஏழு மாதம். அரிசி இல்லை, உதவிப் பணம் இல்லை. பக்கத்து வீடுகளில் உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு பிடி அரிசி இவர்களுக்கென்று எடுத்து வைத்தார்களாம்.

"அந்த ஏழு மாசத்தில கொப்பர் ஒருநாள்கூட, நீ கேட்டபடியால்தானே எண்டு ஒரு சொல்லுச் சொன்னதில்லை" என்றார் அம்மா. "சொல்லியிருந்தால் மறந்திருப்பன்." பிறகு மீன் செதிலைத் தட்டிவிட்டு, அதற்குப் பிறகு எதையும் கேட்க வாய் வரவில்லை என்றார்.

ஒன்பது வயதில் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. சனிக்கிழமை காலை, விளிம்பு அவிழ்த்த முதல்நன்மைச் சட்டையோடு நான் ஸ்ரேசனில் நின்றேன். எங்களை ஓட்டோவில் இறக்கிவிட்ட மாமா, "கையெழுத்து எல்லாம் எடுத்தாச்சோ அத்தான்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். அப்பா டிக்கெட் கொடுக்கும் யன்னலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"அனுராதபுரம். மூண்டு முழு, ஒரு அரை" என்றார் அப்பா.

"திரும்பி வரவும் சேத்தோ?"

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா வெள்ளைச் சேலையில், சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரயில் வரும் பக்கம் பார்த்தபடி இருந்தார். எதற்கோ காத்திருக்கும் பிள்ளைகள் இருப்பதுபோல வாங்குப் பலகையின் நுனியில் இருந்தார்.

"போறதுக்கு மட்டும் தாங்கோ."

"பின்னேரம் அங்க சனமா இருக்கும் ஐயா. இப்பவே எடுத்தால் சுகம்."

"இண்டைக்கு வாறமோ நாளைக்கு வாறமோ தெரியாது" என்றார் அப்பா. "வரேக்க வாறம்."

நான் அம்மாவிடம் ஓடினேன். ஒன்றையும் மறக்காத அப்பா திரும்பும் டிக்கெட்டை மறந்துவிட்டார், இனி நாங்கள் அந்த இடிபாடுகளுக்குள்தான் கிடக்கவேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் சொன்னதையும் சொல் தவறாமல் சொல்லிக் காட்டினேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. கண்ணால் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தார். கந்தோர் வரிசையில் நின்றவர்களைப் போல அம்மாவும் சிரிக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. "சிரிக்காதேங்கோ அம்மா, அப்பா பாவம்" என்றேன்.

அப்பா வந்தார். டிக்கெட்டுகளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தார். பிறகு செருப்பைக் கழற்றித் தள்ளிவிட்டு, வாங்கில் நன்றாகச் சாய்ந்து, இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டார்.