மூன்று வீட்டில் குடியிருந்தேன்

மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய பாலகாட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வரிசையில் நான்கு வீடுகள். நான்கும் ஒருவருக்கே சொந்தம். சுரங்கத்தைச் சுற்றிப் பார்க்கப் பெங்களூரிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியதும், மூன்று வீடுகளைக் காலி செய்யவைத்து நாள் வாடகைக்கு விட்டார். என் பக்கத்து வீட்டுக்காரி எங்கும் வீடு கிடைக்காமல், மாரிகுப்பத்தில் தங்கை குடும்பத்தோடு ஒற்றை அறையில் ஒண்டிக்கொண்டாள். எங்களை மட்டும் அவர் விட்டுவைத்தார். அந்த வீடுகளைப் பெருக்கித் துடைக்க நான் வேண்டியிருந்தது.

அப்புறம் நகரசபையில் ஒரு விதி வந்தது. நாள் வாடகைக்கு விடும் வீட்டைப் பதிவு செய்ய வேண்டும். ஒருவருக்கு ஒரு வீட்டுக்குமேல் அனுமதி இல்லை. எங்கள் வீட்டுக்காரர் எதையுமே பதிவு செய்யவில்லை. சரிபார்க்க ஆள் வரவிருந்த காலையில் வீட்டுக்காரர் வந்தார்.

"கேட்டா மூணு வூட்லயும் உங்க ஜனந்தான் இருக்குதுன்னு சொல்லும்மா. உன் துணிய எட்தாந்து அங்கல்லாம் காயப்போடு."

"மாட்டிக்கினா இன்னாண்ணா பண்றது?"

"உனக்கு இருக்க வூடு வேணுமா, வேணாவா?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். ரயிலேறி வேலைக்குப் போயிருந்த கணவர் போனை எடுக்கவில்லை. மூன்று வாசலிலும் என் புடவைகளைப் போட்டேன்.

வந்தது ஒரு பெண் அதிகாரி. முதல் வீட்டில் யார் இருப்பது என்று கேட்டார். மாமியார் என்றேன். அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அடுத்த வீட்டுக்கு நாத்தனாரைச் சொன்னேன். மூன்றாவது வீட்டில் அவர் நேராகச் சமையலறைக்குள் போனார். அடுப்பு இல்லை. ஒரு கெட்டிலும், மடித்த வெள்ளைத் துண்டுகளும் இருந்தன.

"இங்க யாரும்மா சமைக்கிறது?"

வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் மூச்சு என் காதில் விழுந்தது.

"யாரும் இல்ல மேடம்," என்றேன். "மூணுலயும் யாரும் இல்ல."

எப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. அதிகாரி எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கதவைத் தாழிட்டு, கணவர் வரும்வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா காரியம் பண்ணிட்ட. நாம எங்க போறது?" என்றார் அவர். அதற்குமேல் திட்டவில்லை.

இரண்டு வீடுகள் மாத வாடகைக்குத் திரும்பின. பக்கத்து வீட்டுக்காரி தன் பழைய வீட்டுக்கே வந்துவிட்டாள். அவர் பதிவு செய்துகொண்ட மிச்ச ஒரு வீட்டைத் துடைக்க வேறு ஆள் வருகிறாள். எங்களைக் காலி செய்யச் சொல்லி அவர் இதுவரை கேட்கவில்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டால் போதும், அவர்தானா என்று ஜன்னலோரம் போய் நிற்கிறேன்.