முனி அடித்த வீடு

“டீச்சர் கண்ணடிக்கிறாங்கடோய்!” என்று யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது. திருமயம் பள்ளிக்கூடத்தில் அப்போது நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என் இடது இமை தானாக இறங்கியிருந்தது. கரும்பலகையில் எழுதியதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கண்ணுக்குப் பின்னால் சில நாளாகவே வலி. வெயில் சூடு என்று சுக்குப் பற்றுப் போட்டுச் சமாளித்து வந்தேன்.

புதுக்கோட்டை டாக்டர் பார்த்ததும் மதராஸுக்கு அனுப்பினார். மகளை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு அப்பாவோடு ரயிலேறினேன். கழுத்து ரத்தக்குழாயில் மருந்து செலுத்தித் தலையைப் படம் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் குமிழ் (குழாயின் சுவர் மெலிந்து உப்பிய இடம்) இருந்தது. வெடித்தால் பிழைப்பது கஷ்டம் என்றார்கள்.

“உங்க குடும்பத்துல யாராவது திடீர்னு தலைவலி வந்து இறந்திருக்காங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“எங்க வீட்டுல அப்படி நோய் நொடி எதுவும் கெடையாதுங்க” என்றார் அப்பா. நானும் தலையாட்டினேன். பொய்யில்லை. ஆத்தாவும் அண்ணனும் நோயில் சாகவில்லை. முனி அடித்துச் செத்தார்கள். ஊரே அப்படித்தான் சொல்லும்.

டாக்டர் விடவில்லை. “உங்க சம்சாரம் எப்படி இறந்தாங்க?”

“உச்சி வெயில்லங்க. வயல்ல இருந்த எனக்குக் கஞ்சி கொண்டாந்தா. முனி கோயிலத் தாண்டயில பொடனியில அடிச்சிருச்சு. தலையப் புடிச்சுக்கிட்டே விழுந்துட்டா. பின்னால மகனுக்கும் அப்படியேதான்.”

டாக்டர் இரண்டு சாவையும் சீட்டில் குறித்துக்கொண்டார். பிறகு, சில குடும்பங்களில் இந்த மெலிவு ரத்த வழியாக வருவதுண்டு என்றார்.

மண்டையைத் திறந்து, குமிழின் அடியில் சிறு உலோகக் கவ்வி போட்டார்கள். மொட்டைத் தலையோடு கிடந்தபோது ஆத்தாவுக்காக ஏங்கினேன். அவளையும் இப்படி ரயிலேற்றிக் கொண்டுவந்து படமெடுத்திருக்கக் கூடாதா? அந்தக் காலத்தில் நடக்கிற காரியமில்லை என்று தெரியும். தெரிந்தும் ஏங்கினேன்.

ஆத்தா போனதிலிருந்து அப்பா மதியம் சாப்பிடுவதில்லை. தான் கஞ்சி கேட்டதால்தான் அவள் அந்த நேரத்தில் வந்தாள் என்ற எண்ணம் அவருக்கு. “அப்பா, ஒங்க கஞ்சியால இல்லப்பா. அடுப்படியில இருந்திருந்தாலும் ஆத்தா போயிருக்கும்” என்றேன். மனசு ஆறுவார் என்று நினைத்தேன்.

“முனின்னா கெடா வெட்டிக் கும்புடலாம். ரத்தம்னா யாருக்குத்தான் பொங்கல் வைக்கிறது? வீட்டுல பிள்ள இருக்காளே” என்றார்.

மகளைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நன்றாக ஓடியாடும் பிள்ளைக்கு இந்தப் படமெல்லாம் எடுக்க முடியாது என்றார். திடீரென்று பொறுக்க முடியாத தலைவலி வந்தாலோ, இமை இறங்கினாலோ உடனே கூட்டிவரச் சொன்னார். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் முனி யாரையாவது அடித்திருந்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இமை முக்கால்வாசி ஏறிவிட்டது. ஆத்தா செத்த வயதை நான் தாண்டிவிட்டேன். இனி எனக்கு வருவதெல்லாம் அவளுக்குக் கிடைக்காத வயது. மகளுக்குத் தலை பின்னும்போது என் விரல்கள் அவள் பிடரியில் நின்றுவிடுகின்றன. ஆத்தாவுக்கு இருந்த அதே அடர்ந்த முடி.

“என்னம்மா, பேன் இருக்கா?” என்கிறாள்.

“ஒண்ணும் இல்லடி. ஆடாம இரு.”