ஈர லுங்கி

இத எழுதவே வேணாம்னு தான் இருந்தேன். ஒரு ஈர லுங்கியப் பத்தி இன்னா எழுதறது?

பழவேற்காடு ஏரில எங்களோட கையால எறா புடிக்கிற ஒரு பெரியவரு. ஒல்லி ஒடம்பு, நரைச்ச மீசை. கரையேறினதும் நாங்கல்லாம் காஞ்ச லுங்கி மாத்தினு டீக்கடை பெஞ்சுல குந்துவோம். அவரு மட்டும் ஈரத்தோட தள்ளி நின்னே குடிப்பாரு.

"இன்னா மாமா, வேற லுங்கி இல்லியா? என்னுத தரட்டா?"னு கலாய்ச்சேன்.

கிட்ட வந்து மெதுவா சொன்னாரு. "புரோஸ்டேட் கேன்சருக்கு ஆபரேஷன் பண்ணி வருஷக்கணக்காச்சிடா. பொழைச்சிக்கினேன். ஆனா ஒண்ணுக்கு அடக்க முடியல, தானா வருது. காஞ்ச லுங்கினா தெரிஞ்சிடும். ஈரத்துல தெரியாது."

அன்னிக்கே கூட்டாளி கிட்ட மட்டும் சொன்னேன்.

"நாளைலேர்ந்து நாமளும் ஈரத்தோடவே குந்தலாம்டா"ன்னான்.