பக்கத்து வீட்டு வலை

அதிகம் படிக்காதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று கடையில் புது நைலான் நூலின் வாடை அடித்ததும், புன்னைக்காயலில் நான் சிறுமியாக இருந்தபோது வந்த ஒரு தவக்காலம் நினைவுக்கு வந்தது. திருக்கை மீனின் முள் குத்தியதால் பக்கத்து வீட்டுக்காரரால் பெருவிரலை மடக்கி, கிழிந்த வலையைச் சரிசெய்ய முடியவில்லை. அவர் வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை. அவரும் அப்பாவும் பேசி மூன்று வருடமாகியிருந்தது. ஆனாலும் அன்று அப்பா கடலுக்குப் போகாமல், அவர் வாசலில் உட்கார்ந்து வலையை மடியில் எடுத்துக்கொண்டார்.

"ஏளா, வலைக்கண்ணைப் பெருசா விட்டுறாண்டாம்னு உங்கப்பாகிட்டச் சொல்லு. மீனு பூரா உங்க வலைக்கு வந்துரும்," என்றார் அவர் என்னிடம்.

"அளந்துதான் முடிச்சுப் போடுதேன்னு சொல்லுளா," என்றார் அப்பா.

நூல் அறுத்து அப்பாவின் விரலில் ரத்தம் கசிந்தது. ஒவ்வொரு கண்ணையும் அளந்து, சாயங்காலம் வரை முடிச்சுப் போட்டார். கோயில் பீடத்தின் முன் நிற்பதுபோல நான் அசையாமல் நின்றேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் அந்த வலையோடு கடலுக்குப் போனார். அப்பாவிடம் பேசவில்லை.