பலெர்மோ தேவாலய வாசலில் இரண்டு சோடிச் சப்பாத்துகள்

போன சித்திரையில் நான் பலெர்மோவுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. அங்கே வாழும் என் மகளின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். மகள் மணந்தது மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்தில். யாழ்ப்பாணத்தில் எங்கள் கோயில்களை இடித்த போர்த்துக்கேயப் பறங்கியரின் மதம் என்று சம்பந்தியோடு வாதாடி, கலியாணத்தன்று தேவாலயப் படி ஏறாமல் வெளியே நின்றவன் நான். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் கதைப்பதில்லை.

“இந்த முறையும் வெளியிலை நிண்டியள் எண்டால், அப்பா, இனி இஞ்சை வரவேண்டாம்,” என்று மகள் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். நான் அதே பிடிவாதத்தோடு விமானம் ஏறினேன்.

விமான நிலையத்திலிருந்து நகரம் ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீற்றர். பேருந்து மத்திய ரயில் நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து மகளின் வீடு இருக்கும் அல்பெர்கேரியாவுக்கு நடந்தே போகலாம். சில்லு வைத்த பெட்டி கல் பதித்த ஒழுங்கைகளில் பாடாய்ப்படும். தோள்பை நல்லது.

மறுநாள் காலை மகள், ஞானஸ்நானத்துக்கு வந்திருந்த சம்பந்தியையும் என்னையும் சேர்த்தே பல்லரோ சந்தைக்கு அனுப்பினாள். வேண்டுமென்றே செய்த வேலை. ஆளுக்கொரு பக்கமாய் நடந்தோம். ஒரு கடையில் மிளகும் கறுவாப்பட்டையும் குவிந்திருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை.

“இதுக்குத்தான் பறங்கி வந்தவன். சிலுவை ஒரு சாட்டு.”

துருக்கியர் மிளகு வரும் வழியை மறித்ததால்தான் ஐரோப்பியர் கடலில் இறங்கினார்கள் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான்; பிறகு வாசித்து அறிந்தது வேறு. மிளகு அராபியர், வெனிசியர் கைமாறி வந்துகொண்டுதான் இருந்தது. அந்தத் தரகர்களின் இலாபம் போர்த்துக்கேய அரசனுக்கு வேண்டியிருந்தது. மதத்தை மெய்யாக நம்பியவர்களும் கப்பலில் இருந்தார்கள்தான். ஆனால் கப்பலுக்குக் காசு போட்டவன் பாதிரி அல்ல.

சம்பந்தி ஒரு பட்டையை முகர்ந்துவிட்டு வைத்தார்.

“மன்னாரிலை கறுவா விளையுதோ, சம்பந்தி?”

“இல்லை.”

“பிறகேன் எங்களிட்டை வந்தவன்? முத்துக்கு! எங்கடை சனம் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினதெண்டு உங்கடை யாழ்ப்பாணத்து ராசா வெட்டேக்கை பறங்கி ஓடி வந்தவனோ? கனகாலம் கழிச்சு, முத்துக் குளிக்கிற கடலைப் பிடிக்கத்தான் வந்தவன்.”

நான் திகைத்துப்போனேன். “அப்ப அண்டைக்கு ஏன் என்னோடை சண்டை பிடிச்சனீங்கள்?”

“பறங்கிக்காக நான் எப்ப கதைச்சனான்? வெட்டுப்பட்டது நாங்கள், வேதம் மட்டும் அவன்ரையோ?”

பறங்கி வந்த காரணம் நான் சொன்னதுதான். அதில் இன்றைக்கும் ஓர் எழுத்து மாற்றமாட்டேன். ஆனால் அவருடைய கடைசிக் கேள்வி வீடுவரை என்னோடு வந்தது.

ஞாயிறு காலை, ஒரேத்தோ வீதிப் பக்கத்துத் தேவாலயம். மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பிள்ளையோடு உள்ளே போனாள். நான் படியடியில் நின்றேன். இத்தாலியர்கள் சப்பாத்துச் சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள். சம்பந்தி மட்டும் வாசலில் குனிந்து, மடு மாதா கோயிலில் கழற்றுவதுபோல, சப்பாத்தைக் கழற்றினார். காலில் ஏதோ குத்திவிட்டது என்று எண்ணி ஓர் இத்தாலிய அம்மா அவருக்குக் கை கொடுக்க ஓடிவந்தாள்.

“இதும் பறங்கி பழக்கினதோ?” என்றேன்.

“அவனே சப்பாத்தோடைதான் உள்ளுக்கை போறவன். நிண்டு கதை அளக்காமல் வாங்கோ, சம்பந்தி. பிள்ளைக்குத் தண்ணி ஊத்தப்போகினம்.”

என் சப்பாத்தையும் கழற்றி அவருடையதன் பக்கத்தில் வைத்தேன். உள்ளே மகள் என்னைக் கண்டதும் பிள்ளையை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

போகிறவர்களுக்கு ஒன்று: சித்திரையிலும் அந்தப் பளிங்குத் தரை குளிரும். தடித்த காலுறை கொண்டுபோங்கள். நான் கொண்டுபோகவில்லை. வெளியே நிற்பதற்கு அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.