ஊக்கு டாக்டரின் இரண்டு மாப்பிள்ளைகள்

குழந்தையின் பக்கம் குனிவதற்கு முன் தன்னைத்தானே சோதனை போட்டுக்கொள்கிறார் டாக்டரம்மா. மேல் பை, கீழ்ப் பை, கழுத்து, காது. பிறகு அறையிலிருக்கும் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்க்கிறார். "தம்பி, உங்க போன் கவர் டப்புனு ஒட்டிக்கிற ரகமா? அப்ப அதுல காந்தம் இருக்கு. அப்படிப் போய் ஜன்னலோரமா வச்சிடுங்க. கோவிச்சுக்காதீங்க, அதுக்கு இங்க விசா இல்ல." சொல்லிவிட்டுத் தானே சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு மூக்கில் தொடங்கித் தோளில் முடியும். நடுவில் ஸ்டெதஸ்கோப்பும் குலுங்கும்.

குழந்தைகளின் தலையில் நீர் கோத்துக்கொள்ளும் நோய்க்கு அறுவை செய்பவர் இவர். மூளைக்குள் தேங்கும் நீரைத் தோலுக்கு அடியிலேயே ஓடும் மெல்லிய குழாய் ஒன்று வயிற்றுக்குள் கொண்டுபோய் விடும். வழியில், காதுக்குப் பின்னால், அவரை விதை அளவில் ஒரு வால்வு. எவ்வளவு நீரை எப்போது விடுவது என்பது அதன் பொறுப்பு.

நர்சுகளுக்கு இவர் 'ஊக்கு டாக்டர்'. மற்ற டாக்டர்களின் பெயர்ப் பட்டை காந்தத்தால் சட்டையில் ஒட்டிக்கொள்வது. இவரும் அதைத்தான் அணிந்திருந்தார். ஒரு நாள் பொடியன் ஒருவனைத் தூக்கி மார்போடு அணைத்துக் கொஞ்சியதில், அவன் வால்வின் அளவைத் தன் பெயர்ப் பட்டைக் காந்தத்தாலேயே திருப்பிவிட்டார். அவன் வீட்டுக்குக் கிளம்புமுன் கண்டுபிடித்துச் சரிசெய்ததும் இவர்தான். அன்றே பெயரைத் துணியில் தைத்து ஊக்கால் குத்திக்கொண்டார். ஊக்கு அவ்வப்போது அவரையே பதம் பார்க்கும். "குத்தட்டும். புள்ளைய ஒண்ணும் பண்ணாதுல்ல?"

மேசையில் ஒரு சோப்பு டப்பா. அதற்குள் இரண்டு மாதிரி வால்வுகள், பெரிய மாப்பிள்ளையும் சின்ன மாப்பிள்ளையும். அறிமுகப் படலத்தை அவர் ரசித்து நடத்துவார். "பெரியவர் வந்தது வந்தபடிதான். இவ்வளவு அழுத்தம் வந்தாத்தான் கதவைத் திறப்பேன்னு ஒரே பிடி. மாமியாரே அழுதாலும் மாற மாட்டார். மாத்தணும்னா மறுபடி கத்திதான். சின்னவர் தங்கம். வெளியிலிருந்தே காந்தத்த வச்சு, மாப்ள கொஞ்சம் விடுங்க, மாப்ள கொஞ்சம் பிடிங்கன்னா கேட்டுப்பார். என்ன ஒண்ணு, யார் வீட்டுக் காந்தம் கூப்பிட்டாலும் திரும்பிடுவார்!"

என் அக்கா சிரிக்கவில்லை. அவள் மகளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. தலை மட்டும் உடம்பை முந்திக்கொண்டு வளர்ந்திருந்தது. நீரின் அழுத்தத்தில் கருவிழிகள் கீழிமைக்குள் இறங்கிப்போய், மேலே வெள்ளை மட்டும் தெரிந்தது. மகளின் பார்வையில் படுவதற்கு அக்கா வீட்டில் தரையில் உட்கார்ந்துகொள்வாள்.

"இதுல எது நல்ல மாப்பிள்ளை, டாக்டர்?"

"தெரியாதும்மா."

"உங்களுக்கே தெரியாதா?"

"நிச்சயமா இதுதான்னு சொல்ல யாராலயும் முடியல. அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி. சம்மதிச்சீங்கன்னா கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கும், யார் வர்றாரோ அவரைத்தான் வைப்போம். வேணாம்னா நானே ஒண்ணப் பார்த்து வைக்கிறேன். கவனிப்புல ஒரு குறையும் வராது."

அக்கா வெடித்தாள். "சீட்டுக் குலுக்கவா இவளப் பெத்தேன்?"

டாக்டர் மேசையைச் சுற்றி வந்து அவள் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "உண்மையச் சொல்லிடறேன். எனக்குச் சின்னவர் மேலதான் ஒரு கண்ணு. ஆனா போன வருஷம் பெரியவர் மேல இருந்துச்சு. அதான் என்னை நினைச்சாலே எனக்குப் பயம். என் ஆசையவிடக் குலுக்கல் நியாயமானது."

"உங்க புள்ளையா இருந்தா?"

"குலுக்கச் சொல்லிட்டு, பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு அழுவேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "சரி, குலுக்குங்க."

பெரிய மாப்பிள்ளை வந்தார். டாக்டரின் முகம் ஒரு கணம் தொங்கிப்போனது. மறுகணமே கட்சி மாறிவிட்டார். "கல்லு மாதிரி மனுஷன்! வீட்டுல காந்தத்தத் தோரணமா கட்டித் தொங்கவிட்டாலும் அசைய மாட்டார்!"

அறுவை நடக்கும்போது அவர் பாடுவார் என்று நர்சு சொன்னார். "அவங்க அதைப் பாட்டுன்னு சொல்றாங்க. நாங்களும் மறுத்துப் பேசறதில்ல."

அறுவை முடிந்து இரண்டொரு நாள் கழித்து, காலைச் சுற்றில் முதல் ஆளாக எங்கள் கட்டிலுக்குத்தான் வந்தார். அக்காவின் மடியில் நிமிர்ந்து சாய்ந்திருந்தாள் மகள். டாக்டர் காலாலேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார், செருப்பை உதறினார், ஏறி நின்றுவிட்டார்.

"டாக்டர், விழுந்தா எலும்பு டாக்டர் பக்கத்து பில்டிங்லதான்!" என்று நர்சு பதறினார்.

"சும்மா இரு. அம்மாடி, இங்க பாரு. மேல பாரு, ராஜாத்தி."

விரல்களைச் சொடுக்கினார். குழந்தையின் கண்கள் ஸ்டூலின் காலிலேயே கிடந்தன. மறுபடி சொடுக்கு. பார்வை மெல்ல நகர்ந்து கோட்டின் கடைசிப் பொத்தானைப் பிடித்தது. அங்கே சற்று இளைப்பாறியது. அடுத்த பொத்தான். அதற்கடுத்தது. மோவாய், பல், மூக்கு.

இரண்டு கருவிழிகளும் தன் கண்களை எட்டியதும், டாக்டர் ஸ்டூலின் மேல் நுனிக்காலில் எம்பி இன்னும் கொஞ்சம் உயரமானார்.