மூச்சு என்றால் மூடு

இப்போதும் மதியம் பன்னிரண்டு மணி நெருங்கினால் என் உள்ளங்கை வேர்க்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது, ஜெயித்தும் ஆகிவிட்டது. கைக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

என் மகனுக்குப் பதினாறு வயது. ஆட்டிசம் உள்ள பையன். பேச்சு குறைவு. தண்ணீர், சாதம், வேண்டாம், போலாம் என்று சில சொற்களை வைத்துக்கொண்டு சமாளிப்பான். கூட்டமும் சத்தமும் அவனுக்கு ஆகாது. காலையில் வேனில் ஏறி அவனைப் போன்ற பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்துக்குப் போவான். மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் வேன் திரும்பக் கொண்டுவந்து விடும். அதுவரை எல்லாச் சத்தத்தையும் தாங்கிக்கொண்டு வருகிறவனால் நேராக வீட்டுக்குள் நுழைய முடியாது. ஜோகுபாளையத்தில் எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. கீழே வெல்டிங் கடை. என் மனைவி பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறாள். விடிந்ததும் கிளம்பி இருட்டிய பிறகுதான் வருவாள். நான் சின்னக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே வரிக்கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். ஆகவே மதியம் என் பொறுப்பு.

வேன் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மாநகராட்சிப் பூங்கா. ஊரில் பல பூங்காக்களைப் போல அதுவும் காலை பத்து மணிக்குப் பூட்டி மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். வாசலில் கன்னடப் பலகை அதைச் சொல்லும். ஆனால் பழைய காவலாளி எங்களுக்காகப் பக்கவாட்டுக் கதவில் பூட்டுப் போடாமல் தாழ்ப்பாள் மட்டும் போட்டு வைப்பார். என் மகன் உள்ளே போய்க் கடைசிப் புங்கை மரத்தில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வான். முதலில் மூச்சு தூக்கித் தூக்கிப் போடும். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பிறகு அவனே எழுந்து "போலாம்" என்பான். இப்படியே சில வருஷங்கள் ஓடின.

ஒருநாள் பக்கவாட்டுக் கதவில் புதுப் பூட்டு. காவலாளியையும் மாற்றிவிட்டிருந்தார்கள். ஜோடிகள் வந்து உட்காருகிறார்கள் என்று நடைப்பயிற்சிச் சங்கத்திலிருந்து புகார் போயிருக்கிறது. என் மகன் கம்பியைப் பிடித்து ஆட்டினான். இன்னொரு தடவை ஆட்டினான். நான் தோளைத் தொட்டதும் உதறிவிட்டு ஓடத் தொடங்கினான்.

ஓட்டத்தில் அவனை நான் பிடித்ததே இல்லை. அன்றும் முடியவில்லை. அவன் பழைய மெட்ராஸ் ரோட்டில் இறங்குவதைப் பார்த்தேன். ஒரு பஸ் கிறீச்சிட்டு நின்றது. பஸ் நகர்ந்தபோது அந்தப் பக்கம் அவன் இல்லை. மெட்ரோ தூண்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தேன். அவன் பெயரைக் கத்திக்கொண்டே போனேன். கத்தினால் அவன் இன்னும் தூரம் போவான் என்று தெரிந்தும் கத்தினேன். பொழுது சாயும் வேளையில் அல்சூர் ஏரிக்கரையிலிருந்து ஒரு ஆட்டோக்காரர், பையனின் கழுத்து அட்டையில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஒரே கம்பிய புடிச்சுக்கிட்டு தண்ணியவே பாத்துட்டு நிக்கிறான் சார். கூப்ட்டா வர மாட்டேங்கறான். நான் பக்கத்துல நிக்கிறேன், நீங்க மெதுவா வாங்க" என்றார். மெதுவாகப் போக என்னால் முடியவில்லை.

அதன் பிறகு அந்த வேன் நிறுத்தமே எனக்குப் பயமாகிவிட்டது. மகனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வருவேன். அவன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து காதைப் பொத்திக்கொள்வான். கீழே வெல்டிங் சத்தம். வேன் வருவதற்கு முன்னால் தினமும் பூங்கா வாசலில் போய் நிற்பேன், யாராவது திறந்திருப்பார்களோ என்று. பலகையில் கடைசிச் சொல் 'முச்சலாகிருத்ததெ'. மூடப்பட்டிருக்கும் என்று அர்த்தம். நான் பிறந்ததும் படித்ததும் இந்த ஊரில். கன்னடம் எனக்குப் பள்ளிக்கூட மொழி. தினமும் பார்த்துப் பார்த்து அந்த ஒரு சொல் வாயிலேயே ஒட்டிக்கொண்டது.

வார்டு அலுவலகத்தில் இன்ஜினியரைப் பார்த்தேன். மரியாதையான மனிதர். "நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. வார்டு கமிட்டி மீட்டிங்குக்கு வாங்க. பொதுவுல சொல்லுங்க" என்றார். தேர்தல் நடக்காமல் கவுன்சிலர் யாரும் இல்லாத காலம். கூட்டத்துக்கு அவரேதான் தலைமை.

சனிக்கிழமை போனேன். மனைவி லீவு போட்டு மகனோடு இருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு டேபிள் ஃபேன். சுவரில் எங்கள் பகுதியின் நிலப் பயன்பாட்டு வரைபடம். வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், பூங்காவுக்குப் பச்சை. நகக்கண் அளவு பச்சையாக எங்கள் பூங்கா தெரிந்தது. பேச வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே அதையே வெறித்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜினியர் இந்த வருஷ ஒதுக்கீட்டை வாசித்தார். சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, பூங்காவுக்கு விளக்கு வைத்த அலங்கார வளைவு. வளைவு என்றதும் முன் வரிசையில் கைதட்டல். தட்டியவர் நடைப்பயிற்சிச் சங்கத் தலைவர். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், தமிழர். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பம். சபையில் கன்னடம் பேசுவார், திரும்பி நம்மிடம் தமிழில் பேசுவார்.

என் முறை வந்தது. எழுந்து, மதியம் பக்கவாட்டுக் கதவையாவது திறந்து வைக்க வேண்டும் என்றேன். அவ்வளவுதான், தலைவர் திரும்பிவிட்டார்.

"என்னப்பா, படிச்சவன் மாதிரி இருக்கே. மத்தியானம் தெறந்து விட்டா யார் வருவான்னு நெனைக்கறே? ஜோடி ஜோடியா வருவாங்க. போன வருஷமே பாத்தோமே, மூங்கில் புதர் பின்னாடி."

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்: "புதர் பின்னாடி உங்களுக்கு என்னா சார் வேல? நீங்க நடக்கற பாதை முன்னாடி இல்ல இருக்குது?"

சிரிப்பு. பேசியது எங்கள் பக்கத்துத் தெருவில் இரண்டு வீடுகளில் சமைக்கும் பெண். காலையில் ஒரு வீட்டில் சமையல் முடிந்து மாலையில் இன்னொரு வீட்டுக்குப் போகும் வரை அவளுக்கு உட்கார இடம் கிடையாது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிடுவதை நானே பார்த்திருக்கிறேன். "எங்களுக்கும் சேத்துக் கேளுங்கண்ணா" என்றாள் என்னைப் பார்த்து.

இன்ஜினியர் கையமர்த்தினார். மதியத்துக்குக் காவலாளி போட பட்ஜெட்டில் வழியில்லை, அடுத்த வருஷத்துக்கு எழுதி அனுப்பலாம், மேலே ஒப்புதல் ஆகி, டெண்டர் ஆகி என்று அடுக்கினார். அடுத்த வருஷம். அதுவரை தினமும் பன்னிரண்டு மணி வரும். எனக்குப் பஸ் கிறீச்சிட்ட சத்தம் கேட்டது. தயார் செய்து வைத்திருந்த கன்னடம் முழுக்கக் காணாமல் போயிற்று. மூச்சுக்குக் கன்னடத்தில் என்ன? சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். வரவில்லை. தமிழ்தான் வந்தது.

"நன்ன மகனிகெ ஈ பார்க்கே மூச்சு சார்!" என்று கத்திவிட்டேன். என் மகனுக்கு இந்தப் பூங்காதான் மூச்சு என்று சொன்னதாக நினைப்பு.

கூடம் சிரிப்பில் வெடித்தது. கன்னடத்தில் 'முச்சு' என்றால் மூடு. மகனுக்காக இந்தப் பூங்காவை மூடுங்கள் என்று சபை நடுவில் முறையிட்டிருந்தேன்.

இன்ஜினியரும் சிரித்துவிட்டார். "தெரெயோக்கெ பந்த்ரா சார், முச்சோக்கெ பந்த்ரா?" திறக்கவா வந்தீர்கள், மூடவா?

தலைவர் தொடையைத் தட்டினார். "அவனே மூடச் சொல்றான், எழுதிக்கோங்க!"

வெட்கத்தில் உட்கார்ந்துவிட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவில் நானும் சிரித்துவிட்டேன். சொல் தானாக வந்து நின்றது.

"உசிரு சார். உசிரு."

சிரிப்பு நின்றது. கன்னடக்காரர்களுக்கு அது மூச்சு. அங்கிருந்த தமிழர்களுக்கு அது உயிர். தலைவரும் தொடையிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எனக்குத் தடங்கல் இல்லை. பூட்டையும் ஓட்டத்தையும் பஸ்ஸையும் ஏரியையும் கன்னடத்தில் சொன்னேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அவன் உட்கார்ந்திருப்பதையும் சொன்னேன்.

தலைவர் கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனால் விடவில்லை. "கேக்கக் கஷ்டமாத்தான் இருக்குப்பா. ஆனா தோட்டக்காரன் மத்தியானந்தானே நிம்மதியா தண்ணி விடறான்? ஜனம் உள்ள வந்தா அவன் எப்படி வேலை பாப்பான்?"

நான் கணக்கு எழுதுகிறவன். வரவு தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கண்ணில் பட்டுவிடும். குழாயோடு நிற்கும் தோட்டக்காரரை எத்தனையோ மதியம் பார்த்திருந்தும் இது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

"அப்படீன்னா மத்தியானம் உள்ளே ஆள் இருக்காரா சார்?"

"இருக்கானே. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அவன் அங்கதான்..." தலைவர் நிறுத்தினார்.

"சம்பளத்தோட?"

"சம்பளம் இல்லாம யாரு தண்ணி விடுவா?" என்று பின் வரிசை பதில் சொன்னது.

சுவரைக் காட்டினேன். "சார், மேப்புல அது பச்சை. பத்து மணிக்கு மேல வேற கலருன்னு எங்கேயும் போடல. ஆளும் உள்ளேயே இருக்கார். ஒரு சாவியை அவர்கிட்ட குடுத்தா போதும். புதுசா ஒரு ரூபா வேண்டாம்."

இன்ஜினியர் வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். பேனா மூடியை நெற்றியில் தட்டினார். பிறகு, பக்கவாட்டுக் கதவை மதியமும் திறந்து வைப்பது, சாவி தோட்டக்காரரிடம், ஒரு மாதம் பார்ப்பது என்று வாய்விட்டுச் சொல்லியபடி கூட்டக் குறிப்பில் எழுதினார். யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்டார். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் ஃபேனைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் சமையல்காரப் பெண் என் முன்னால் வந்து நின்றாள். "ஜெயிச்சுட்டோம்ணா! நடுவுல மூடச் சொன்னீங்களே, அப்ப எனக்கு உசுரே போயிடுச்சு." ரோட்டில் நின்று இரண்டு பேரும் பைத்தியம் போலச் சிரித்தோம். மனைவிக்குப் போன் போட்டு ஹலோ சொன்னதும் அழுதுவிட்டேன். தோற்றுவிட்டேன் என்று நினைத்து அவள் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை வேனிலிருந்து இறங்கியவனை அந்தப் பக்கம் அழைத்துப் போனேன். பூட்டு இல்லை, தாழ்ப்பாள் மட்டும். என் மகன் நம்பவில்லை. தள்ளிப் போய் நின்றான். அவன் திரும்பி ஓடினால் என்ன செய்வது என்று என் கால்கள் தெருப் பக்கமே நின்றன. நான் கதவைத் தொடவில்லை. உள்ளே தோட்டக்காரர் குழாயைத் தரையில் போட்டுவிட்டு அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் வந்து கம்பியைப் பிடித்தான். ஆட்டினான். தாழ்ப்பாள் நழுவிக் கதவு திறந்துகொண்டது. கையில் இருந்த கம்பியை ஒருமுறை பார்த்தான். பிறகு நேரே கடைசிப் புங்கை மரத்துக்கு நடந்தான். நடந்தான், ஓடவில்லை.

அந்த மாதத்துக்குள் மதியப் பூங்காவுக்கு ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. சாப்பாட்டு டப்பாவோடு வீட்டுவேலைப் பெண்கள், ஷூவைக் கழற்றிவிட்டுப் படுக்கும் டெலிவரி பையன்கள். ஆனால் யாரும் சத்தம் போடுவதில்லை; எல்லோரும் ஓய்வுக்கு வந்தவர்கள். மாதக் கடைசியில் ஒரு மதியம் சங்கத் தலைவர் வந்தார், தன் மனைவியோடு. மூங்கில் புதர்ப் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். சமையல்காரப் பெண் பெஞ்சில் இருந்தபடியே, "அண்ணா, மொத ஜோடி வந்தாச்சு!" என்று எனக்குக் குரல் கொடுத்தாள்.

"சும்மா இரும்மா, இன்ஸ்பெக்‌ஷன்" என்றார் அவர்.

"வீட்ல கரன்ட் இல்ல. காத்து வாங்கலாம்னு இவர்தான் கூட்டிட்டு வந்தாரு" என்றார் அவர் மனைவி, சிரிக்காமல்.

அடுத்த வார்டு கூட்டத்தில் பூங்காக் கதவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இன்ஜினியர் தானாகவே "அது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். வளைவும் வந்தது. அதன் விளக்குகளை அணைக்க மறந்துவிட்டு மதியத்திலும் எரிய விடுகிறார்கள். அதைப் பற்றிப் புகார் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பலகையில் அந்தக் கடைசி வரியின் மேல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஒரே பூச்சு என்பதால் வெயிலில் பழைய எழுத்து தெரியும். வேன் வருவதற்கு முன்னால் போய் நிற்கிற வழக்கத்தை நான் இன்னும் விடவில்லை. வேர்த்த கையால் தாழ்ப்பாளைத் தூக்கிப் பார்ப்பேன். திறந்திருக்கும். ஆனாலும் மறுபடி தூக்கிப் பார்ப்பேன். அப்போது பின்னால் வேன் கதவு இழுபடும் சத்தம் கேட்கும். என் மகன் இறங்கி வந்து, தாழ்ப்பாள் மேல் இருக்கும் என் கையை மெல்ல எடுத்து அப்பால் வைத்துவிட்டு, கதவைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே போவான்.